நெக்ஸ்ட்கிளேடு: மலை ஆய்வகங்களுக்குத் தோதான சேவை

ஊட்டி, குன்னூர் பக்கம் மழை பிடித்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். அங்குள்ள ஆய்வகங்களுக்கு நெக்ஸ்ட்கிளேடு பெரிய வரம். சுவிட்சர்லாந்தின் பாசல், அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்த நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் திட்டத்தின் இலவசச் சேவை இது. வைரஸின் மரபணு வரிசையைப் பார்த்து, அது எந்த வகை, வரிசை தரமானதா என்று சொல்லும். பிரவுசரில் வைரஸைத் தேர்ந்தெடுத்து, ஃபாஸ்டா கோப்பை (மரபணு வரிசையை எழுத்துகளாக வைத்திருக்கும் கோப்பு) இழுத்துப் போட்டால் போதும். கணக்கெல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது; கோப்பை நெட் வழியே ஏற்ற வேண்டியதில்லை. நோயாளி மாதிரியின் மரபணு வரிசை வெளியே போகாது.

தரச் சோதனைதான் இதன் உயிர். கொரோனா வைரஸின் மரபணுத்தொகுதி 29,903 எழுத்து. அதில் 3,000-க்கு மேல் 'என்' (N, படிக்க முடியாத இடம்) விழுந்திருந்தால் சிவப்பு காட்டும். பிரைமர் (மரபணுத் துண்டைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு இழை) சரியாக ஒட்டாதது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். விடுபட்ட துண்டை மட்டும் மறுபடி பெருக்கிப் பாருங்கள். கலப்பு எழுத்துகள் (இதுவா அதுவா என்று உறுதியாகாத இடங்கள்) பத்தைத் தாண்டினால், ஒரு மாதிரி இன்னொன்றோடு கலந்துவிட்டதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

குறையும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கும் டேட்டாசெட் (தரவுத் தொகுப்பு) பழசாக இருந்தால் புதிய வகையையும் பழைய பெயரில்தான் காட்டும். அதனால் முடிவோடு டேட்டாசெட்டின் பதிப்பையும் குறித்து வையுங்கள். சிவப்பு நீங்கிய வரிசையை அமெரிக்காவின் பொது மரபணுக் களஞ்சியமான ஜென்பேங்கில் ஏற்றினால், ஐரோப்பிய, ஜப்பானியக் களஞ்சியங்களுக்கும் தினசரிப் பரிமாற்றத்தில் தானாகவே போய்ச் சேரும்.