பழைய ஸ்விஃப்ட்டுக்குப் புது ஷாக்: எதை வாங்கலாம், எதோடு சேர்த்து வாங்கணும்

2005 மே மாதம் வந்து 2011 வரை விற்ற முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், எஞ்சினைப் பொறுத்தவரை இன்னும் தெம்பாகத்தான் ஓடுகிறது. லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் முதலில் சொகுசுதான் போகும். ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது இடுப்பில் அடி விழும், சின்னக் குழியில்கூட 'கட கட' என்று சத்தம் வரும், பின் சீட்டில் உட்கார்ந்தவரைத் தூக்கிப் போடும். பட்டறைக்குப் போனால் பாதி இடத்தில் ஒரே பதில்தான்: "ஷாக் போயிடுச்சு, நாலையும் மாத்திடலாம்." மாற்றிய பிறகும் முக்கால்வாசித் தொந்தரவு அப்படியே இருக்கும். காரணம் எளிது. ஷாக் என்பது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம். குழியின் அதிர்ச்சி உடம்புக்கு வராமல் முதலில் வாங்கிக்கொள்வது டயரும் ரப்பரும்தான்.

அதனால் ஷாக் வாங்கும் முன் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். அழகுக்காகப் பெரிய அலாய் போட்ட வண்டி என்றால் நோய் அங்கேயே இருக்கிறது. 165/80 R14 டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர். 195/50 R16 போட்டால் அது 97.5 ஆகிவிடும். அந்த 34.5 மில்லிமீட்டர் ரப்பரை எந்த ஷாக்கும் திருப்பித் தராது. காற்றும் அப்படித்தான். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். பங்க்கில் கேட்காமலே 35 ஏற்றிவிடுவார்கள்.

சரி, ஷாக். கவுண்டரில் மூன்று வகை வரும்: மாருதி ஜெனுவைன் பெட்டி, கேப்ரியல் அல்லது மன்றோ போன்ற பெயருள்ள கம்பெனி, ரீகண்டிஷன். முதல் இரண்டில் எதை வாங்கினாலும் தப்பில்லை. கேப்ரியல் இந்தியா 1961இல் தொடங்கிய நிறுவனம், மாருதிக்கே நேரடியாக ஷாக் கொடுப்பவர்கள். ஒரிஜினல் குணம் அப்படியே வேண்டும் என்பவருக்கு மாருதி பெட்டி. அதே வேலையைக் கொஞ்சம் சிக்கனமாக முடிக்க நினைப்பவருக்குக் கேப்ரியல். டீசல் ஸ்விஃப்ட்டுக்கு முன்பக்க எடை அதிகம் என்பதால் பெட்ரோலா டீசலா, எந்த வருடம், இடதா வலதா என்று சொல்லிக் கேளுங்கள். சேசிஸ் நம்பர் கொடுத்தால் இன்னும் நல்லது. முன்பக்க ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கோடு சேர்ந்து நிற்கும் ஷாக்) இடது, வலது வேறு வேறு.

எண்ணெயோடு காஸும் அடைத்த காஸ் ஷாக் என்று கொடுத்தால் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஷாக்கை நேராக நிறுத்தித் தண்டை முழுவதும் அமுக்கிக் கையை எடுங்கள். மெதுவாகத் தானே மேலே வரவேண்டும். அமுக்கிய இடத்திலேயே நின்றால் உள்ளே காஸ் இல்லை.

ரீகண்டிஷன் வேண்டவே வேண்டாம். குழாயில் ஓட்டை போட்டுப் பழைய எண்ணெயை வடித்து, கெட்டியான எண்ணெய் ஊற்றி, வெல்டு வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருகிறார்கள். பெயின்டுக்கு அடியில் விரலால் தடவினால் அந்த வெல்டு மேடு தட்டுப்படும். கெட்டி எண்ணெய் வால்வு வழியாக வேகமாகப் போகாததால் வண்டி முதல் வாரம் 'டைட்டாக' இருப்பதுபோல் தெரியும். உண்மையில் சின்ன அதிர்ச்சி எல்லாம் பாடிக்கு ஏறுகிறது. காஸ் திரும்ப ஏற்றப்படுவதில்லை, கீறல் விழுந்த பழைய தண்டு, எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் புது ஆயில் சீலையும் அறுத்துவிடும். கான்டெஸா போலப் பாகமே கிடைக்காத வண்டி வைத்திருப்பவருக்கு வேறு வழியில்லை. ஸ்விஃப்ட்டுக்கு அந்த நிலை இல்லை. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய ஸ்ட்ரட்டும் இதே கணக்குதான். அங்கே நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு), ஸ்பிரிங் போன்ற இரும்புச் சாமான் பார்த்து வாங்கலாம். ரப்பரும் எண்ணெயும் உள்ள எதையும் வாங்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். பழைய ஸ்ட்ரட்டைப் பிரித்ததும் தண்டின் மேல் ஒரு பழுப்பு நிற ஃபோம் துண்டு இருக்கும். அதுதான் பம்ப் ஸ்டாப். பத்து வருடமான வண்டியில் அதைத் தொட்டால் ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு உதிரும். பாதி வண்டிகளில் அது பொடியாகி, தண்டை மூடும் டஸ்ட் கவருக்குள் கிடக்கும். குழியில் வண்டி முழுதாக அமுங்கும்போது மெத்தென்று தாங்க வேண்டியது இதுதான். இது இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு மோதி, புது ஷாக்கின் உள் வால்வே அடிவாங்கும். டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் மண் தண்டில் ஒட்டி, பளபளப்பான குரோமில் கோடு போட்டு, அந்தக் கோடு ஆயில் சீலை அறுத்து எண்ணெயை ஒழுக விடும். ஷாக் விலையோடு பார்த்தால் இவை சில்லறை. இருந்தும் 'பழசையே போட்டுக்கலாம்' என்று விடப்படுவது இவைதான்.

ஸ்ட்ரட்டின் மேல் முனையைப் பாடியோடு பிடிக்கும் மேல் மவுண்ட்டும், அது சுழல உதவும் பேரிங்கும் அதோடு சேர்த்தே மாற வேண்டும். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங் விடுபடும் சத்தம், திருப்பிய ஸ்டீயரிங் தானே நேராக வர மறுப்பது, இரண்டும் பேரிங்கின் அறிகுறி. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும் மெதுவான ரோட்டில் வரும் 'கட கட' பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியின் இணைப்பு. பிரேக் பிடித்து எடுக்கும்போது 'தடக்' என்று ஒரே ஒரு அடி கேட்டால், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ். ஆர்மின் முனையில் உள்ள பால் ஜாயிண்ட்டும் ஆடுகிறது என்றால் தனித்தனியாகப் பார்க்காமல் முழு ஆர்மாக வாங்கிவிடுவது லாபம்.

பொருத்துவதில்தான் நல்ல சாமானும் வீணாகிறது. ஆர்ம் புஷ் என்பது இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டி விறைப்பாக ஓடும், புஷ் சில மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை ஆட்டி உட்காரவைத்துவிட்டு, அதற்குப் பிறகு, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றுக்காகவே பட்டறையில் நின்று பார்க்கலாம்.

புது ஸ்ட்ரட்டை மாட்டும் முன், நிமிர்த்திப் பிடித்து முழுவதும் இழுத்து அமுக்கி, நாலைந்து முறை பம்ப் செய்ய வேண்டும். படுக்கவைத்த பெட்டியில் உள்ளே நுழைந்த காற்று அப்போதுதான் மேலே போகும். தண்டின் மேலே உள்ள நடு நட்டை இம்பாக்ட் கன்னால் அடித்தால் தண்டு சுழன்று உள்பாகம் கெடும். தண்டின் தலையைப் பிடித்துக் கைச் சாவியால்தான் இறுக்க வேண்டும். குரோம் தண்டில் பிளையர் பட்டாலே அந்த ஷாக் முடிந்தது. ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரைத் தளர்த்தும் முன்பே பாருங்கள்.

பின்பக்கம் எளிது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. ஷாக்கைக் கழற்றும் முன் ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுக்க மறந்தால், ஆக்சில் தொங்கிப் பிரேக் ஹோஸை இழுக்கும், ஸ்பிரிங்கும் நழுவும்.

ஸ்பிரிங்கைத் தேவையில்லாமல் மாற்ற வேண்டாம். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப்பால் நாலு பக்கமும் அளங்கள். இடது வலதுக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, கடைசிச் சுற்று உடைந்திருந்தாலோ மட்டும் ஜோடியாக மாற்றினால் போதும். ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவே திணிக்கும் ரப்பர் பஃபருக்குக் காசு கொடுக்காதீர்கள். அது இரண்டு சுற்றைச் செயலிழக்க வைத்துத்தான் வண்டியைத் தூக்கிக் காட்டுகிறது. மிச்ச ஸ்பிரிங் இறுகிவிடும்.

மொத்தமாகச் செய்யக் கையில் பணமில்லை என்றால் முன் ஜோடி ஸ்ட்ரட், மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் ஒரே நாளில், மற்றவை பிறகு. ஸ்ட்ரட்டைக் கழற்றினாலே நக்கிள் போல்ட் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதனால் அன்றைக்கே வீல் அலைன்மெண்ட். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் எல்லா நட்டையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்து, புது ஸ்ட்ரட்டின் ஆயில் சீல் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் லேசான பிசுக்கு இருந்தால் பரவாயில்லை, சொட்டு இருந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள்.