ஒரே சர்வரா, மூன்று கணினிகளா? செம்பனை எடைமேடையிலிருந்து ஒரு கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி எண்ணெய் ஆலைக்கு அனுப்பும் வியாபாரியிடம் மூன்று வேலைகள் கணினியை நம்பி நடக்கின்றன: எடைமேடைச் சீட்டு; வரவு செலவுக் கணக்கு; சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தங்களோடு ஆள்களின் சம்பளம். மூன்றையும் ஒரே சர்வரில் போடுவதா, வேலைக்கொரு கணினி என்று பிரிப்பதா? இங்குள்ள முதலாளிகளுக்குக் கணினி பார்த்துக் கொடுக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது.

பராமரிப்பில் ஒரே சர்வருக்கு ஈடில்லை. காப்புப் பிரதி எடுக்க ஒரே இடம், மின்தடைக்கு ஒரே பேட்டரிப் பெட்டி. சுமார் 100 வாட் இழுக்கும் சர்வர் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 72 யூனிட். அதே அளவு இழுக்கும் மூன்று என்றால் 216.

ஆனால் நின்றால் எல்லாமே நிற்கும். ஒரு மாலை, ஒரே சர்வர் வைத்திருந்த ஒரு வியாபாரியின் கொட்டகையில் கணக்கு மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுச் சர்வரை மறுதொடக்கம் செய்தேன். அது எழவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எடைமேடையின் சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன, சீட்டு மட்டும் வரவில்லை. கிராணி (எழுத்தர்) கார்பன் தாளில் எடையை எழுதிக் கொடுத்தார். வாசலில் ஏழு லோரிகள் வெயிலில் நின்றன. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் நசுங்கிய பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். கணக்கறை வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் யாருக்கும் நட்டமில்லை. எடைமேடை அப்படியல்ல. அன்று தவறு என்னுடையது. இரண்டையும் ஒன்றாகக் கட்டியவன் நான்தான்.

அப்படியானால் மூன்றாகப் பிரித்தால் தீருமா? பலர் ஏமாறுவது இங்கேதான். மூன்று கணினி இருப்பதால் ஒன்றுக்கு இன்னொன்று துணை வந்துவிடாது. சம்பளக் கணினி பழுதானால் கணக்குக் கணினி சம்பளம் போடாது. எடைக் கணினியிலிருந்து கணக்கும், கணக்கிலிருந்து சம்பளமும் தரவு எடுக்கும் அமைப்பில் மூன்றும் ஓடினால்தான் வேலை முடியும். அப்போது பழுதாக ஒன்றுக்கு மூன்று வழி உண்டு. மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் மூன்றாவது கணினியின் காப்புப் பிரதி ஓடுகிறதா என்று பார்ப்பவரும் குறைவு. ஒரே தரவை இரண்டிலும் எழுதும் இரட்டை வன்தட்டு இருக்கிறதே என்று சொல்வார்கள். ஒரு தட்டில் தவறி அழித்த கோப்பு அந்தக் கணமே மற்றதிலும் அழிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் மெய்நிகர் கணினி வழி இருக்கிறது. ஒரே இயந்திரத்துக்குள் கணக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று தனித்தனி அறைகள் போல. ஒன்றை மறுதொடக்கம் செய்தால் மற்றது அசையாது. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் உரிமம் இப்படி இரண்டு மெய்நிகர் கணினிகளை அனுமதிக்கிறது. அடித்தளமாக இருக்கும் பிராக்ஸ்மாக்ஸ் போன்ற திறமூல மென்பொருளை உரிமக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். இயந்திரமே எரிந்தால் இரண்டு அறையும் போகும் என்பதை மறக்கக் கூடாது.

என் தீர்ப்பு இதுதான். எடைமேடைக்குத் தனிக் கணினி, பிணையம் அறுந்தாலும் தானாகச் சீட்டு அடிக்கும்படி. கணக்கும் சம்பளமும் ஒரே நல்ல சர்வரில், இரண்டு மெய்நிகர் கணினிகளாக. மூன்றாவது கணினிக்கு ஒதுக்கும் பணத்தில் அந்தச் சர்வருக்கு மாற்றாக ஓடக்கூடிய ஓர் உபரி இயந்திரம். காப்புப் பிரதியில் ஒன்று முதலாளி வீட்டில் இருக்கட்டும். வருமான வரிக்காகக் கணக்குப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருந்தாக வேண்டும்.

அந்தக் கொட்டகையில் இப்போது இப்படித்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை காப்புப் பிரதியை உபரி இயந்திரத்தில் மீட்டு, கிராணியை அழைத்துப் போன மாதச் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது நாற்பது நிமிடம் பிடித்தது. வெளியே எடைமேடையில் லோரிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.