மௌன ராகம்: துடக்கு இல்லாத சாவு

1986இல் வந்த மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ காதல் படம் என்றே இன்னும் பேசப்படுகிறது. உண்மையில் அது துக்கப் படம். பதிவுத் திருமணத்துக்குக் காத்து நின்ற திவ்யாவின் கண் முன்னே மனோகர் சுடப்பட்டு இறக்கிறான். எங்கள் மட்டக்களப்பில் புருஷன் செத்தால் துடக்கு (தீட்டு) உண்டு, முப்பத்தோராம் நாள் கிரியை உண்டு, வந்து குந்தியிருந்து அழ ஊரே உண்டு. காதலன் செத்தால் ஒன்றுமில்லை. திவ்யாவின் சிடுசிடுப்பைத் திமிர் என்று எண்ணுவோர் தவறவிடுவது இதைத்தான்.

அந்த மரணம் தொடக்கத்தில் காட்டப்படுவதில்லை. பிறகு அவளைக் கட்டிய கணவன் சந்திரகுமாரிடம் அவள் விவாகரத்துக் கேட்ட பிறகுதான் காரணம் வருகிறது. அதுவரை அவள் மேல் நமக்கிருந்த கோபம் அங்கே கரைகிறது; திரைக்கதையின் மிகப் பெரிய பலம் இந்த வரிசை. கல்யாணமாகி அவள் கணவனோடு டில்லிக்குப் போவதும் முக்கியம். மட்டக்களப்பில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். தாய், சகோதரிகள் பக்கத்தில் இருந்தால் அவள் தனிமை இவ்வளவு கூர்மையாக இராது.

பலவீனம் கடைசிப் பகுதியில். தொழிற்சங்கத் தகராறில் சந்திரகுமார் காயப்பட்டதும் அவள் மனம் வேகமாக மாறிவிடுகிறது. வி.கே. ராமசாமியின் நகைச்சுவையும் நீளம்.

ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அறைகளை இருட்டாகவே விட்டிருக்கிறார். பகல் வெளிச்சத்தில், போனில் பார்த்தால் முகங்கள் தெரியாது. இரவில் லைட்டை நூர்த்துவிட்டுப் பெரிய திரையில் பாருங்கள். இளையராஜா இசையை நிறுத்தும் இடங்களையும் கவனியுங்கள்.