ஸ்கூல் வேனுக்கு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள் – எனக்கு 24,000 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி அந்த வேன் ஓனர் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

தாம்பரம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டும் ஒரு டிராவல்ஸ். மே மாதக் கடைசியில் ஓனரே வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். மஞ்சள் வேன், மஞ்சள் நம்பர் பிளேட், உள்ளே தீயணைப்பான், பின்னால் கேமரா. பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆயாம்மா ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். அந்தம்மா என் மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டி, "பாப்பா ஜன்னல் சீட்டா?" என்று கேட்டார். "அக்கா, நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்கறேன்" என்றார் ஓனர். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 24,000, மாதாமாதம் என்றால் கொஞ்சம் கூடுதல். அங்கேயே ஜிபே செய்தேன்.

பள்ளி திறந்து கொஞ்ச நாள் அந்த வேன் வந்தது. அப்புறம் ஒரு பழைய மாருதி ஆம்னி வேன். ஒயிட் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டிக்கான வெள்ளை நம்பர் பிளேட். ஆயாம்மா இல்லை. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே பலகை போட்டு அதிலும் பிள்ளைகள். கதவு சரியாகப் பூட்டாது; ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே வருகிறான். இதை என் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் குலை நடுங்கியது.

2012 ஜூலையில் இதே தாம்பரம் பக்கம்தான் பள்ளி பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் போட்டார்கள்: உதவியாளர், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, வருஷா வருஷம் ஆய்வு. அந்த ஆய்வுப் பக்கமே தலைகாட்டாத வண்டியில்தான் என் பிள்ளை போயிருக்கிறாள், அதுவும் 24,000 ரூபாய் கொடுத்து.

கேட்டால் "வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போயிருக்கு அக்கா, திங்கட்கிழமை வந்துடும்". எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. மகளை நிறுத்திவிட்டு மீதிப் பணம் கேட்டதும் குரலே மாறிவிட்டது. "அட்வான்ஸ் திருப்பித் தர்ற வழக்கமில்லைங்க." அக்கா எங்கே போனாளோ! பள்ளியில் "அது பிரைவேட் வேன், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார்கள். பள்ளி வாசலில்தான் தினமும் நிற்கிறது. போலீஸில் ரசீது கேட்டார்கள். துண்டுச் சீட்டில் "வேன்" என்றும் தொகையும் மட்டும்தான் இருக்கிறது. 24,000 ரூபாய்க்கு அவ்வளவுதான் ஆதாரம், ஜிபே மெசேஜைத் தவிர.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. மாதாமாதம் மட்டும் பணம் கொடுங்கள். அரசாங்கத்தின் எம்பரிவாகன் (mParivahan) ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ் பாருங்கள், காட்டிய வண்டிக்கு மட்டுமல்ல, தினமும் வருகிற வண்டிக்கும். ஒயிட் போர்டு என்றால் ஏற்றவே வேண்டாம். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். பிள்ளையிடம் எங்கே உட்கார்ந்தாய் என்று கேளுங்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதே வேனில் பிள்ளையை அனுப்புகிறவர்கள் தனியாக மெசேஜ் செய்யுங்கள், நம்பர் தருகிறேன்.