உப்புக் காற்றில் எந்த லாக் தாங்கும்?

சக்கிமுக்கித் துப்பாக்கி என்றதும் எல்லோரும் குழலைத்தான் பார்க்கிறார்கள். மதிப்பும் தொல்லையும் பக்கவாட்டு லாக்கில், அதாவது கல்லை உரசிப் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்பில், இருக்கின்றன. தொண்டி, கீழக்கரை, மண்டபம் பக்கம் ஒன்றை வைத்துக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆங்கிலேய 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கி நல்லதா, பிரெஞ்சு 1777 மாடல் நல்லதா? சேதுபதி சீமையில் (ராமநாதபுரம்) புழங்கிய, எரியும் திரியால் பற்றவைக்கும் திரித் துப்பாக்கியை இதில் சேர்க்கவில்லை. அதில் கெட்டுப்போகும் பாகமே குறைவு.

இந்தியா பேட்டர்ன், 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிறக்கிய காலத்துச் சரக்கு. கம்பெனிக்காகச் செய்ததை 1790-களில் பிரிட்டிஷ் ராணுவமும் எடுத்துக்கொண்டது. அதன் பலவீனம், கல்லைக் கவ்விக்கொண்டு அடிக்கும், அன்னக் கழுத்துபோல் வளைந்த குதிரை. அடி தாங்காமல் கழுத்தில் ஒடியும். 1809-ல்தான் நடுவில் துளை விட்ட தடித்த குதிரை வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1763-லேயே அதைச் செய்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லை, பிரெஞ்சுதான்.

பொறி விழுந்து பற்றும் மருந்தை வைக்கும் கிண்ணத்தில்தான் கடற்கரை வேலையைக் காட்டுகிறது. ஆங்கிலேயக் கிண்ணம் இரும்பு, பிரெஞ்சு பித்தளை. கருமருந்து எரிந்த கரி ஈரத்தை இழுக்கும். அதோடு உப்பும் சேர்ந்தால் இரும்பில் குழி குழியாகத் துரு விழும். பித்தளையில் பச்சைக் களிம்பு வந்தாலும் துடைத்தால் போகும். ஆனால் பித்தளையும் இரும்பும் ஒட்டும் இடத்தில் உப்பீரம் நின்றால் அரிப்பு இரும்பின் பக்கம்தான் வேகமாகும். ஆகவே பிரெஞ்சு லாக்கில் கிண்ணத்தின் பளபளப்பை நம்பாமல், அது லாக்கின் இரும்புத் தகட்டோடு சேரும் விளிம்பையும் திருகையும் பாருங்கள்.

தரம் பார்ப்பது இரண்டுக்கும் ஒன்றே. கல் உரசும் உருக்கு மூடியின் முகம் கெட்டியாக இருக்க வேண்டும். கல் சீவி எடுக்கும் உருக்குத் துகள் எரிவதுதான் தீப்பொறி. ஆழமான கீறல் விழுந்திருந்தால் மூடி மென்மை. எவ்வளவு நல்ல கல் வைத்தாலும் பொறி சோம்பலாகத்தான் வரும். மலிவான நகல்களில் அதிகம் வரும் கோளாறும் இதுதான். அப்புறம் பாதி இழுப்பில் குதிரையை நிறுத்தி விசையை அழுத்துங்கள் (வெற்றுத் துப்பாக்கியில், குழல் ஆள் இல்லாத பக்கம்). குதிரை விழுந்தால் அந்த லாக்கைத் தொடாதீர்கள்.

பராமரிப்பில் நம்மூர்ச் சிக்கல் தண்ணீர். கரியை நீர்தான் கரைக்கும், எண்ணெய் கரைக்காது. ஆனால் இங்கே பல ஊர்களில் கிணற்று நீர் உவர். அதில் கழுவினால் உப்பையே உள்ளே ஊற்றுகிறோம். வாலை வடிநீர் எடுத்து, உடனே நன்றாக உலர்த்தி, மெல்லிய தாது எண்ணெய் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தோலுறையில் போட்டு வைப்பதும் தவறு, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பழம்பொருள் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. மேல்தோலில் உள்ள கெட்டித்தன்மையும் ஆலை முத்திரையும் சேர்ந்தே போகும்.

எனக்குத் தேர்வு பிரெஞ்சு 1777. 1809-க்குப் பிந்தைய ஆங்கிலேய லாக், கிண்ணத்தில் குழி விழாமல் கிடைத்தால் மட்டும் மறுயோசனை. எதுவானாலும் சுடும் நிலையில் இருந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு.