புதிய வாக்காளர்களை மதிப்பிட 2011 கணக்கெடுப்பு அட்டவணைகள்: ஒரு மதிப்புரை

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் 2011 அட்டவணைகளைக் காலாவதியானவை என்று பலர் ஒதுக்குகிறார்கள். வாக்களிக்கும் வயதினரைப் பற்றி ஆராய்வோர் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கே கணக்கிடப்படுவதால், 0-6 வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கை ஒவ்வோர் ஊருக்கும் தனியாகத் தரப்பட்டுள்ளது. 2011 மார்ச் 1 அன்று அந்த வயதிலிருந்தவர்களே 2022 மார்ச் முதல் 2029 பிப்ரவரி வரை 18 வயதை எட்டுபவர்கள். வேறொரு தேவைக்காகப் பிரிக்கப்பட்ட அந்த எண், முதல் முறை வாக்களிப்போரைக் கிராம அளவில் மதிப்பிட இன்று கைகொடுக்கிறது. தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையான 7.21 கோடியில் இவர்கள் ஏறத்தாழ 74 லட்சம் பேர். ஆண்டுவாரியாகப் பிரிக்க விரும்புவோர், வயது ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் எண்ணிக்கையைத் தரும் சி-13 அட்டவணையைத் துணையாகக் கொள்ளலாம்.

ஆனால் சி-13ஐ மூத்த வயதினருக்கு அப்படியே நம்ப முடியாது. வயதைத் தோராயமாகச் சொல்லும் வழக்கத்தால் 50, 55, 60 போன்ற வயதுகளில் எண்ணிக்கை செயற்கையாக உயர்ந்து நிற்கிறது. அவர்களுக்கு, தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு 2011 முதல் 2036 வரை கணித்த அறிக்கையே பொருத்தமானது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2011இல் 10.4 விழுக்காடாக இருந்து, 2031இல் 18.2 விழுக்காடாகும் என்று அது காட்டுகிறது. வாக்காளர்களின் சராசரி வயது எந்தத் திசையில் நகர்கிறது என்பதை உணர இது போதும்.

பெரிய குறை இடம் சார்ந்தது. திருப்பூர் போன்ற ஊர்களில் கணக்கெடுப்பு ஒருவரை அவர் தங்கியிருக்கும் இடத்தில் எண்ணுகிறது; அவர் பெயரோ சொந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடும். அன்று 32ஆக இருந்த மாவட்டங்கள் இன்று 38. எனவே தென்காசிக்கோ மயிலாடுதுறைக்கோ கணக்கு வேண்டுவோர் வட்டங்களையும் ஊர்களையும் தாங்களே தேடிச் சேர்க்க வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு அந்த உழைப்பு இன்னும் கூடுதல்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பிலாவது, வயதுவாரி அட்டவணைகளைத் தொகுதி அளவிலும் வெளியிட வேண்டும். அதுவரை, இடப்பெயர்வையும் இறப்பையும் கணக்கில் கொள்ளும் பொறுமை உள்ளவர்களுக்கு 2011 அட்டவணைகளைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.