மிதவை வளையத்தில் ஒரு சிறிய ஃபிஷ் ஃபைண்டர்

மிதவை வளையத்தில் அமர்ந்து, கால்களில் நீச்சல் துடுப்பை மாட்டிக்கொண்டு, பின்னோக்கி உதைத்தபடியே தூண்டில் போடுகிறவருக்கு எழுந்து நின்று நீரை நோட்டமிட வழியில்லை. அவருடைய கண் நீர்மட்டத்திற்கு ஒரு மீட்டர் உயரத்தில்கூட இருப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கும் என்று நம்பித்தான் நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு மீனையும் அடித்தளத்தையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் ஒன்றை, நான்கு அங்குலத் திரை கொண்ட சிறியதாக வாங்கி, ஒரு பருவம் முழுவதும் வளையத்தில் கட்டிப் பயன்படுத்தினேன்.

கருவியைவிட அதைப் பொருத்துவதுதான் பெரும்பாடு. ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசர் நீருக்குள் நேர்கீழாகப் பார்த்தபடி இருக்க வேண்டும். உடன் வந்த உறிஞ்சுகிண்ணம் வளையத்தின் துணியில் ஒட்டவே இல்லை. இரண்டாம் நாளே கழன்று, கம்பியில் தொங்கியபடி என் துடுப்போடு சிக்கிக்கொண்டது. பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாயின் நுனியில் அதைப் பொருத்தி, பக்கவாட்டில் இரண்டு வார்ப்பட்டைகளால் கட்டினேன். முதலில் அதைத் தொடைக்கு அருகில் வைத்தபோது, உதைக்கும்போது எழும் குமிழிகளெல்லாம் திரையின் மேற்பகுதியை மூடிவிட்டன; ஒரு சாண் வெளியே தள்ளியதும் தெளிந்தது. கரையேறும்போது குழாயை மேலே தூக்க மறந்தால் டிரான்ஸ்டியூசர் தரையில் இடிக்கும். எனக்கு இரண்டு முறை இடித்தது.

வாங்கிய புதிதில் மீன் சின்னங்களைக் காட்டும் வசதியை நான் நம்பியிருந்தேன். குமிழி, நீர்த்தாவரம், மூழ்கிய கிளை எல்லாவற்றுக்கும் அது மீன் படமே போட்டதால், அதை அணைத்துவிட்டு எதிரொலியை அப்படியே பார்க்கப் பழகினேன். மீன் வளைவாகத்தான் தெரியும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி கீழே கூம்பாக விரிகிறது; அந்த ஒலிக்கூம்பின் ஓரத்தில் நுழையும் மீன் தொலைவிலும், நடுவே வரும்போது அருகிலும் இருப்பதால்தான் அந்த வளைவு உண்டாகிறது. ஆனால் வளையம் அசையாமல் நிற்க, மீனும் கீழே நின்றுவிட்டால், திரையில் படம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அது நீண்ட கோடாகவே தெரியும். ஒருநாள் காலை ஐந்து மீட்டர் ஆழத்தில் அப்படியொரு கோட்டைப் பார்த்து, மூழ்கிய கட்டை என்று ஒதுக்கினேன். ஈயத் தூண்டிலை நேர்கீழே இறக்கியபோது அதுவும் ஒரு மெல்லிய கோடாகச் சரிந்து இறங்கியது. அது பக்கத்தில் வந்ததும் அந்தக் ‘கட்டை’ ஒரு விரற்கடை மேலே எழுந்து, அடுத்த நொடியே கம்பு வளைந்தது.

ஆனாலும் இதை வாங்கச் சொல்வதற்கு மீனைவிட அடித்தளமே காரணம். கருவி அனுப்பும் ஒலியின் அதிர்வெண்ணான 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பின் கோணம் ஏறத்தாழ 20 பாகை. ஆறு மீட்டர் ஆழத்தில் அது காண்பது இரண்டு மீட்டர் அகல வட்டத்தைத்தான். மிதவை வளையம் மெதுவாக நகர்வதால் அந்தச் சிறிய வட்டமே போதுமானதாகிவிடுகிறது: மூன்று மீட்டர் ஆழம் திடீரென ஐந்தாகச் சரியும் விளிம்பை உதைத்து உதைத்தே தொடரலாம். பாறையோ கூழாங்கல்லோ இருந்தால் அடிக்கோடு பளிச்சென்று தெரியும், அதன் கீழே இரண்டாம் எதிரொலியும் வரக்கூடும். சேறாயிருந்தால் கோடு மங்கிவிடும்.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒரு பகலுக்குத் தாராளமாகப் போதும், ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளதால் வளையம் ஒரு பக்கம் சாய்கிறது. அதே கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதில் பாதி எடைகூட இல்லை. திரையைப் பற்றிய என் ஒரே வருத்தம், போலராய்டு கண்ணாடி அணிந்து சில கோணங்களில் பார்த்தால் அது முற்றிலும் கருத்துவிடுகிறது என்பது. தாங்கியைச் சற்றுத் திருப்பி வைத்தே சமாளிக்கிறேன்.

இரண்டு மீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே மீன் பிடிப்பவருக்கு இது வீண் சுமை. அங்கே கூம்பு ஒரு தட்டளவுக்கே விரிகிறது, அதற்குள் வரவேண்டிய மீனை நம் கால்களே விரட்டிவிடுகின்றன.